எந்த நிறப் பெட்டி

கச்சான் அடிக்கத் தொடங்கி இரண்டாம் நாள்
உன் அறையைத் திறந்தேன், வாமா.
பிஸ்கற் ரின்கள் பதினேழு.
ரின் நிறையக் கசெற், கசெற்றுக்கு ஒருத்தி.
உப்புக்காற்று சில பெயர்களைத் தின்றுவிட்டது.
மூதூர் ஜெஸீமா இருக்கிறா.
பாலையூற்று றெஜினாவின் பாதி இருக்கிறா.

காணிக் கந்தோரில் முப்பது வருஷம் எழுதுவினைஞன் நீ.
'குடும்பத் தலைவன்' என்று அச்சடித்த கட்டத்தில்
பென்சிலால் மெல்லிய கோடொன்று இழுப்பாயாம்,
மேலதிகாரி கண்டால் அழிக்கக்கூடியதாய்,
யன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவள் கண்டால்
விளங்கக்கூடியதாய்.
அழிக்க மறந்த கோடுகளுக்கு இரண்டு இடமாற்றம்:
சேருவில, பிறகு குச்சவெளி.
குச்சவெளியில் இன்னும் அழுத்தி இழுத்தாய்.

ஞாயிறுகளில் சைக்கிள்.
திருக்கடலூர்க் கரையில்
சூடை தெரியும் கைகளுக்கு நடுவே குந்தியிருந்து கேட்பாய்:
"பாக்கியமம்மா, முப்பத்தொண்டில முதல் வோட்டு.
உங்கட அம்மா எந்த நிறப் பெட்டியில போட்டவ?"

"ஐயா சிவப்பில போடச் சொன்னவர்.
அம்மா பச்சையில போட்டவ.
சாகுமட்டும் அவருக்குச் சொல்லேல்லை.
எனக்கு மட்டும் சொன்னவ, நான் பெரியபிள்ளையான அண்டைக்கு."

அன்றைக்கு நீ வந்து சாப்பிடவில்லை.
முற்றத்தில் நடந்தாய். பச்சை, பச்சை என்றாய்.
மடத்தடிப் பக்கம் திரியும் புள்ளிமானொன்று
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு
எங்கள் கீரையைத் தின்றது.
நீ விரட்டவுமில்லை.

சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.
'ஊதியமில்லா உழைப்பு' என்று
நீ கட்டுரை எழுதிய இரவுகளில்
தேத்தண்ணி போட்டவள் நான்.
கோப்பையைக் கழுவியவளும் நான்.
ஒருநாள் கேட்டேன்:
இந்தக் கோப்பை உன்ர கட்டுரையில
எத்தினையாம் பக்கத்தில வருது?
எழும்பிப் போய்க் கழுவினாய்.
கைப்பிடியை உடைத்தாய்.
அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம்
அந்த மொட்டைக் கோப்பையை நீயே கழுவினாய்,
அடியில் சாயம் போகாமலே.

தங்கமானவன் என்றது ஊர்.
எனக்குத் தெரிந்த நீ
கொஞ்சம் கொஞ்சமாய்த் திருந்திக்கொண்டிருந்தவன்,
திருந்துவதற்கு வெட்கப்படாதவன்.

உன்னைத் தூக்கும்போது
சித்தப்பா வழக்கம்போல் சொன்னார்:
"பொம்பிளையள் படலையோட நிக்கட்டும்."
நான் நின்றேன். பொய் சொல்லமாட்டேன்,
பழகின கால், நின்றது.
பிறகு பின்னாலிருந்து மீன்வாசம் வந்தது.
திருக்கடலூர்க்காரிகள் யாரையும் கேளாமல்
படலையைக் கடந்தார்கள்.
கந்தோர் லீலாவதி வெள்ளைச் சேலையில் கடந்தா.
ஜெஸீமா சந்திவரை வந்து
முக்காட்டை இழுத்துவிட்டு அங்கேயே நின்றா.
யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.
யாரென்று இன்றும் தெரியாது.
விறகில் நெருப்புப் பிடிக்க
எவ்வளவு நேரமாகும் என்பதை
அறுபத்தொரு வயதில்தான் பார்த்தேன்.

பதினேழாவது ரின்னில் ஒரேயொரு கசெற்.
உன் கோணல் எழுத்து:
'அக்கா. மாட்டன் எண்டவ. திரும்பக் கேக்கவேணும்.'

பழைய றேடியோவில் போட்டேன்.
உன் குரல், இளசு:
"அக்கா, உன்னை ஏன் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டினவை?
என்னைப் படிப்பிக்கவா?"
பிறகு தேங்காய் திருவும் சத்தம்.
"அக்கா?"
தேங்காய் திருவும் சத்தம்.
"போடா அங்கால, கறி அடிப்பிடிக்கப் போகுது."
இது நான். இவ்வளவு கோபமா என் குரலில்?

நீ எழும்பிப் போகும் கதிரைச் சத்தத்துக்காகக்
காத்திருந்தேன்.
வரவில்லை.
மற்றப் பாதியை எடுக்கிறேன்,
சிரட்டையைத் தட்டுகிறேன்,
நாடா ஓடிக்கொண்டேயிருக்கிறது,
ஒரு முழுத் தேங்காய் முடியுமட்டும்
நீ அதை நிறுத்தவேயில்லை.