முப்பத்திரண்டு சதவீதம்

லாட்ஜ் மொட்டைமாடியில், கடலைப் பார்த்து,
மூன்று கண்ணாடிகளைச் செங்குத்தாய்க் கட்டிவைத்தேன்.
முழங்கை அகலச் சதுரங்கள்.
நீலம், சாம்பல், பெயருக்குப் பச்சை.

பக்கத்து மனையில்தான் எழும்புகிறது,
தேவனாம்பட்டினத்தின் பதினான்கு மாடி.
பணம் போடுகிற குலோத்துங்கன்
நீலத்தின் முன் நின்று
மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார்.
"இதான்" என்றார்.

நான் என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சட்டங்களை இங்கேயே கோப்பதா,
பட்டறையில் கோத்துப் பலகை பலகையாய்
கிரேனில் தூக்குவதா.
உப்பு, அலுமினியத்தில் அம்மை வார்க்கும்.
சிலிக்கான் இறுகத் தூசியில்லாத
இருபத்தொரு நாள் வேண்டும்.
உடைந்தால் கற்கண்டாய்க் கொட்டுவது ஒரு வகை,
உடைந்தும் உதிராமல் ஒட்டி நிற்பது ஒரு வகை.
தானே புயல் அடித்த அன்று இந்தக் கரையில்
ஒரு சதுர மீட்டர் மேல்
எத்தனை ஆள் எடைக்குக் காற்று சாய்ந்தது தெரியுமா சார்?

அவர் கேட்டது ஒன்றுதான்:
"பைபாஸ்லேருந்து பளபளன்னு தெரியுமா?"

தெரியும்.
வெளிப்புறப் பிரதிபலிப்பு முப்பத்திரண்டு சதவீதம்.

மறுநாள் விடிந்ததும் மாதிரிகளைக் கழற்றப் போனேன்.
எனக்கு முன்பே அங்கே ஒருவர்,
நீலத்தின் மேல் தன் துண்டைப் போர்த்திவிட்டு
நின்றிருந்தார்.
பெயர் தனவேலு. முழங்கையில் மீன் செதில்.

"மேடம், கரைக்குத் திரும்பறப்ப
சூரியன் எங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும்.
ராத்திரி பூரா முழிச்ச கண்ணுக்குக்
கெடைக்கிற சலுகை அது ஒண்ணுதான்.
இன்னிக்கி இந்த முழத்துண்டு
முகத்துவாரத்துல வெச்சே கண்ணைக் குத்திடுச்சு.
பதினாலு மாடிக்கும் இதுவா?
மேற்காலயும் ஒரு சூரியனை நட்டுட்டா
நாங்க எதப் பாத்து வர்றது?"

துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.
ஏலம் தொடங்கியிருந்தது.

கணினியைத் திறந்தேன்.
நாற்பத்தைந்து மீட்டர் உயரம்.
ஐந்து பாகை ஏறிய சூரியன்.
கண்ணாடி திருப்பி எறியும் ஒளி
போய் விழுமிடம் ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர்:
படகுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பும்
மணல்திட்டு.
என் வரைபடத்தில் அந்த இடம்
வெள்ளைத் தாள். அம்புக்குறி போட்டு
'கிழக்கு' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

குலோத்துங்கனிடம் தனவேலுவைப் பற்றிப் பேசவில்லை.
"கடல் பக்கம் உப்புக்காற்று சார்,
அந்தப் பூச்சு நிற்காது" என்றேன்.
பாதி பொய்.
சாம்பல், பதினொரு சதவீதம்; கையெழுத்தானது.
"அப்ப மேற்கையாவது விட்டுவை" என்றார்.
விட்டுவைத்தேன். மேற்கு முகம் முழுக்க நீலம்.

சாயங்காலம், வெயிலை முதுகில் வாங்கியபடி
ஊருக்குள் வருகிற லாரிக்காரர்களிடம்
நான் இன்னும் கேட்கவில்லை.