அக்டோபர் அழைப்புகள்

பனி விழுமுன் எல்லோரையும் கூப்பிட்டுவிட வேண்டும்.
அப்பா காலத்து அட்டைப்பெட்டி இது.
கம்ப்யூட்டரும் இருக்கிறது, ஆனால் அதில்
'நாய்க்குக் கார் ஒத்துக்கொள்ளாது, வாந்தி,
பின்சீட்டுக்கு ரப்பர் விரிப்பு' என்று எழுதக்
கட்டம் கிடையாது.

ஹ்ரின்கிவ் மோட்டார்ஸ், சஸ்காட்செவன்.
தம்பி பட்டறையில், அவன் மனைவி கணக்கில்,
நான் போனில்.
'பி' எழுத்துக்கு வரும்போது மணி ஐந்தரை,
வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

"லோர்ன், குளிர்கால டயர் மாற்ற
எப்போது கொண்டுவருகிறீர்கள்?"
கொஞ்சம் மௌனம்.
பிறகு ரொம்ப உற்சாகமாக,
"கார் குதிரைமாதிரி ஓடுகிறது, டாரியா.
இந்த வருஷம் மகனே மாற்றித் தருகிறேன் என்கிறான்."

சரி என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது அந்தக் கார்.
நேற்று ரெஜைனா ஏலத்தில்
பத்தோடு பதினொன்றாகத் தம்பி எடுத்துவந்தது.
பின்கண்ணாடியில் எங்கள் ஸ்டிக்கரைச்
சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள்.
'கிவ்' மட்டும் போகவில்லை.

விலைதான் காரணமாயிருக்கும். நகரத்தில்
ஏழு வருஷத் தவணை தருகிறார்கள்.
எங்களுக்குக் கட்டாது.
நேரில் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்,
அது அவருக்கும் தெரியும்.

சீட்டுக்கு அடியில் ஒற்றைக் கையுறை கிடந்தது,
சிவப்பு, சின்னக் கை,
கட்டைவிரலில் வேறு நூலால் தைத்த தையல்.
கவரில் போட்டேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை.
வருஷாவருஷம் எல்லோருக்கும் போகும் காலண்டரை மட்டும்
நான்காக மடித்துச் செருகினேன்.

அட்டையில் எழுதினேன்:
கார் நன்றாக ஓடுகிறது.
ஏப்ரலில் கூப்பிட.