செல்லுபடியாகும் எல்லை

லைசென்ஸ் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில்
ஊதா மையில் சாய்ந்துபோன ஒரு முத்திரை:
செல்லுபடியாகும் எல்லை, தமிழ்நாடு.
கே.ஜி. சாவடி தாண்டி வாளையாரில் கால் வைத்தால்
என் கைப்பைக்குள் இருப்பது குற்றம்.

ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது.
திருச்சூருக்கு நகை கொண்டுபோகும் நாளுக்கு முந்தின சாயங்காலம்
துப்பாக்கிக் கடை இம்மானுவேலிடம்
ரிவால்வரை ஒப்படைத்து ரசீது வாங்குவேன்.
மஞ்சள் துணியில் அதைச் சுற்றிக்கொண்டே
"கோயமுத்தூருக்குள்ள உங்கள ஆருங்க என்ன பண்ணப் போறாங்க,
பயமெல்லாம் அக்கட்டத்தானுங்களே?" என்பார்.
எனக்கும் தெரியும்.
முத்திரைக்குத் தெரியவில்லை.

காற்றுக்கு எல்லை கிடையாதென்று எழுதுகிறவர்கள் உண்டு,
பாலக்காட்டுக் கணவாயைக் கைகாட்டி.
இருக்கட்டும்.
காற்றின் இடுப்பில்
ஒன்றரைக் கிலோ நெக்லஸ் கட்டியிருக்கவில்லை.

விண்ணப்பம் போட்டேன்.
எந்தெந்த மாநிலம்?
கேரளம், கர்நாடகம்.
காரணம்? ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
தொழில் என்று எழுதினேன், திரும்பி வந்தது.
உயிருக்கு ஆபத்து என்று எழுதினேன்.
ஆபத்துக்கு அத்தாட்சி இணைக்கச் சொன்னார்கள்.
ஒரு கீறல் விழாமல் போய்வந்த
நூற்றுச் சொச்சம் பயணங்களை
எந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுப்பது?

விசாரணைக்கு வந்த ஏட்டு
பட்டறையில் நின்று தராசையே பார்த்தார்.
"ஊட்டுல ஆம்பளைங்க போகக்கூடாதுங்களா?"
போகலாம். பஸ் ஏறினால் அவருக்கு வாந்தி.
காரில் போகலாமே?
காரில் போனால் நகைக்காரி, பஸ்ஸில் போனால் யாரோ.
ஏட்டு சிரிக்கவில்லை.
வாந்தி வரைக்கும் எழுதிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் மேசைகள்.
"ஃபைலு மேசையிலதான் இருக்குதுங்" என்பாள்
ஆயுதப் பிரிவு கோகிலவாணி.
எந்த மேசை என்று அவளும் சொன்னதில்லை,
ஐந்தாறு தடவைக்குமேல் நானும் கேட்கவில்லை.
அலுவலக வேம்பு ஒருமுறை பூத்து
பழுத்து
மறுபடி பூத்தது.

பதினோராம் மாதம் புது முத்திரை. பச்சை மை.
இம்மானுவேல் கடைப் பக்கமே போகாமல்
உக்கடத்தில் பஸ் ஏறினேன்.
கைப்பை மடியில்.
பைக்குள் சோத்துப் போசி, பழைய சீலையில் சுற்றிய ரிவால்வர்,
அதை ஒட்டி லைசென்ஸ்,
தொட்டால் கைக்கு வரும்படி.

வாளையாரில் காக்கிச் சட்டைக்காரர் ஏறினார்.
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
வாயில் பதில்கூடத் தயார், பாதி மலையாளத்தில்.
பின்சீட்டுப் பையன் ஒருவனின் மூட்டையை அவிழ்த்து
முருங்கைக்காயை மட்டும் எண்ணிவிட்டு
இறங்கிப் போய்விட்டார்.
என்னைப் பார்த்தார்தான்.
ஒரு பொம்பளை, ஒரு பை.
பதினோரு மாதத்தை யாரும் கேட்கவில்லை.

ஆலத்தூரில் ஏறிய பெண்ணுக்கு உட்கார இடமில்லை.
"சேச்சி, ஒண்ணு பிடிக்கணே" என்று
கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள்,
கைப்பைக்கு மேலேயே.
நான் வேண்டாமென்று சொல்வதற்குள்
அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு
டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.
குழந்தையின் குதிகால்
பை ரெக்சினுக்கு மேல் சரியாகக் குழல் இருக்கும் இடத்தில்
உதைத்தது. மறுபடி உதைத்தது.
ஆறு தோட்டாவும் வீட்டு பீரோவில் என்று தெரியும்,
காலையில் நானே எண்ணி வைத்தது.
ஆனாலும் முதுகு சில்லென்று ஆயிற்று.
ஆறு வருடம் வெறுங்கையோடு போனபோது
ஒருநாளும் வராத பயம் அது.
இதற்கு எந்த மேசையில் மனுப்போடுவது?

குதிரான் சுரங்கத்துக்குள் பஸ் நுழைந்தது.
விளக்குகள் ஒவ்வொன்றாக அதன் முகத்தில் ஏறி இறங்க
குழந்தை காலை நிறுத்திக்கொண்டு
என்னையே பார்த்தது, ஏதோ யோசிப்பதுபோல.
பிறகு மடி சூடாயிற்று.
சீலை, பை, போசி, எல்லாம்.

லைசென்ஸுக்குப் பிளாஸ்டிக் உறை போடச் சொன்னது
கோகிலவாணிதான்.
நல்லவேளை, போட்டிருந்தேன்.