புகை இலவசம்

மொத்தக் கையிருப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம் துக்ரிக்.
லட்சம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம்.
உலான்பாத்தரில் நாலு பேர் மூன்று வேளை
பூஸ் தின்றால் தீர்ந்துவிடும்.
திங்கட்கிழமைக்குள் படிவத்தில்
'படத்தின் வகை' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

சரித்திரப் படம் என்றான் கன்சோரிக்.
மாமாவிடம் பதினோரு குதிரைகள், வாடகை கிடையாது.
குதிரை சரி, கவசம்?
அட்டையில் வெட்டி வெள்ளிச் சாயம் பூசலாம்.
அம்பு?
அவன் உப்புத் தேநீரைக் கிளற ஆரம்பித்தான்.
அதில் கிளற ஒன்றுமில்லை.

எனக்கு விண்வெளிக் கதை.
விடுதிச் சலவை அறையில்
வட்டக் கண்ணாடிக் கதவுகள் ஆறு இருக்கின்றன.
"உள்ளே துணி சுற்றுவது தெரியுமே" என்றாள் உயாங்கா.
தெரியும்தான்.

அப்போது சாருல் ஜன்னலைக் காட்டினான்.
மைனஸ் இருபத்தொன்பது. மணி ஐந்துதான்,
விளக்குக் கம்பங்களுக்கு இடுப்புக்கு மேல் காணோம்.
"புகை எந்திரத்துக்கு நாள் வாடகை எண்பதாயிரம்.
நமக்கு ஊரே போட்டுத் தருகிறது.
திகில் படம் எடுப்போம்.
பேய்க்குச் சம்பளம் இல்லை, பீட்ரூட் வாங்கினால் போதும்."

சிரித்தோம். கட்டத்தில் பாதி வார்த்தை எழுதியும்விட்டேன்.

"அது எங்கள் அடுப்பு" என்றாள் உயாங்கா.

வடக்கு மேட்டில் கூடார வீடு அவளுக்கு.
எங்கள் மூவர் சுவருக்குள்ளும் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
"நீங்கள் பேய் என்று காட்டப்போவது
விடியலில் என் அப்பா போட்ட கரி."

கன்சோரிக்கின் தேநீர் ஆடை கட்டியது.

பிறகு அவளே சொன்னாள்,
கோபத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு:
போன ஜனவரியில், தண்ணீர்ச் சாவடியிலிருந்து
அம்மா வேறு யாருடைய தள்ளுவண்டியையோ
இழுத்து வந்துவிட்டாள்.
அந்த வேறு யாரோ எங்கள் வண்டியோடு
இன்னொருவர் வீட்டுக்குள் போய்,
நாய் குரைக்காததால் தன் வீடென்றே நம்பி,
பூட்ஸைக் கழற்றி உட்கார்ந்திருக்கிறார்.
வீட்டுக்காரரும் யாரென்று கேட்காமல்
கிண்ணத்தில் தேநீர் ஊற்றியிருக்கிறார்.
இரண்டாம் கிண்ணத்தில்தான் தெரிந்ததாம்.

சாருல் மேசையில் தலைகவிழ்ந்து குலுங்கினான்.
பாதி வார்த்தையை அடித்துவிட்டு
மேலே நுணுக்கி எழுதினேன்: நகைச்சுவை.
"ஆனால் என் தம்பியின் இருமலை வெட்டக் கூடாது"
என்றாள். ஒலிப்பதிவு நான்.
வெட்ட மாட்டேன் என்றேன்.
எவ்வளவு இருமல் என்று அப்போது தெரியாது.

சனிக்கிழமை படப்பிடிப்பு.
குளிரில் பாட்டரி நாலே நிமிடம் உயிரோடிருக்கும்;
ஆளுக்கொன்றாய் அக்குளில் இடுக்கி அடைகாத்தோம்.
நடிகைக்குக் கொடுக்கப் பணமில்லை என்றதும்
உயாங்காவின் அம்மாவே வந்து நின்றார்,
கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு தீற்றி.

"எந்த வண்டியை இழுக்க?" என்று கேட்டார்.
"என்னுடையதையா, அவருடையதையா?
இரண்டும் இங்கேதான் இருக்கின்றன."