நாற்பதாவது வயர்

திம்பிரிகஸ்யாயச் சந்தியில்
டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்த அன்றே
முடிவாகிவிட்டது.
"ஒட்டுப் போட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும் மிஸ்,
பிறகு ஒருநாள் காரே இருக்காது" என்றார் ரிஸ்மி.

துவான் ரிஸ்மி. பஞ்சிகாவத்தையில் கடை.
ஞாயிறுகளில் மட்டும் வருவார்,
ஒரு பையில் டெஸ்ரரும் குறடும்,
மறு பையில் மனைவி பொரித்த பஸ்தோல்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளம்.
தண்ணீர் மோட்டார் கத்தக் கத்த
மூன்று ஞாயிறு அந்த மொறிஸ் மைனருக்குள்
தலைகீழாகக் கிடந்தோம்.

பழைய வயருக்குப் பருத்திச் சட்டை.
உள்ளே ரப்பர்
தொட்டதும் நமுத்த பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது.
அறுபத்தைந்து வருஷமாக
எது எதைத் தொடக்கூடாது என்று
காவலிருந்தது இந்தத் தூள்தான்.

நிறங்களைப் பாடமாக்கினேன்.
மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வரும், சாவியைக் கேட்காது.
வெள்ளை சாவி திரும்பினால் மட்டும்.
பச்சை ஃபியூஸைத் தாண்டியது. நீலம் பெரிய லைற்.
கறுப்பு எங்கே தொடங்கினாலும்
காரின் உடம்பில் போய் முடியும்,
இந்தக் காரில் உடம்புதான் நேர்முனை.
அது விளங்க எனக்கு ஒரு முழு ஞாயிறு போயிற்று.
விளங்குமுன் ஒரு ரேடியோ போயிற்று.

பிடுங்குவதற்கு முதல்
ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்ரர் ஒட்டி இலக்கம் எழுதினோம்.
முப்பத்தொன்பது வரை வரைபடம் கூடவே வந்தது.

நாற்பதாவது சிவப்பு.
கார்க்கார வயரே அல்ல, வீட்டுச் சுவருக்குள் ஓடுவது.
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் முட்டும் இடத்தில்
மேசை விளக்கொன்றிலிருந்து கழற்றிய சுவிச்சில் போய் நின்றது.
பக்கத்தில் வேறு யாரோ எப்போதோ ஒட்டிய பிளாஸ்ரர்,
பழுத்துப்போய்.
ஊதா மையில் ஓர் எழுத்து:
சோ.

"சோக் ஆக்கும்" என்றார் ரிஸ்மி.
"சோக்குக்கு ஏன் கரண்ட்?"

அழுத்தினேன்.
எதிர்ச் சுவரில் இரண்டு வட்டமாய் நின்ற வெளிச்சம் செத்தது.
அதே நொடி
தலைக்கு மேலே கூரை விளக்கு.
வெளியே நின்ற ரிஸ்மிக்கு
என் முகம் மட்டும் தெரிந்திருக்கும்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "சோதனைச்சாவடி" என்றார்.

பெரிய லைற்றை அணை. உள் லைற்றைப் போடு.
முகம் தெரியட்டும், கை தெரியட்டும்.
இரண்டு சுவிச்சு, துழாவுவதற்கு ஒரு கை,
துழாவுகிற கையையும் பார்த்துக்கொண்டிருக்கும் துவக்கு.
அதை ஒரே அழுத்தாக்கியிருக்கிறார்
லொக் புத்தகத்தின் மூன்றாவது பெயர்:
செ. அருமைநாயகம், துறைமுகம், கணக்குப் பிரிவு.
இரவு முறை வேலையாக இருந்திருக்கவேண்டும்.
ஒவ்வொரு மூட்டிலும் இரட்டைச் சுற்று.
ஈயம் ஒரு துளி வழியவில்லை.
பயந்த மனிதனின் கை
இவ்வளவு நிதானமாகவா பற்றவைக்கும்?

"புதுக் கட்டில இதையும் போடவா மிஸ்?"
கேட்காத மாதிரி ஒரு பஸ்தோலைக் கடித்தேன்.
ஆறிப்போயிருந்தது.
வேண்டாம் என்றேன், முழுதும் தின்று முடித்த பிறகு.
சுவிச்சை மட்டும் விட்டோம்.
கழற்றினால் ஓட்டை தெரியும்.

செவ்வாய் இரவு, ஆமர் வீதி.
நடுத்தெருவில் ஒரு டோர்ச் மேலும் கீழும் அசைந்தது.
கால் பிரேக்கைத் தேடுமுன்
பெருவிரல் கீழே போய் அழுத்தியிருந்தது.

டிக்.

ஒன்றும் நடக்கவில்லை.
பெரிய லைற்
பொலிஸ்காரப் பொடியனின் பொத்தான்களில் எரிந்தது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு யன்னலுக்கு வந்தான்,
இருபத்திரண்டு வயதிருக்கும்,
போனெற்றை ஒருதரம் தடவி
சிங்களத்தில் கேட்டான்:
"மிஸ், இது லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"

பன்னிரண்டு என்றேன்,
முகம் இருட்டில் இருக்க.