முழங்கால் உயரம்

பதினேழாம் எண் வீட்டுப் புல்
என் முழங்காலைத் தாண்டிய அன்று
வேலிமேல் கைப்பேசியை நீட்டி
மூன்று படம் எடுத்தேன்.
புகாரில் கொசு என்று எழுதினேன்.
அது போதாதென்று தோன்றியதால்
பாம்பு என்றும் சேர்த்தேன்.
பாம்பை நான் பார்க்கவில்லை.

சிலேத்தார் ஹில்ஸில்
ஒட்டிப் பிறந்த வீடுகள் எங்களுடையவை.
நடுச்சுவரில் அவர் ஆணி அடித்தால்
என் வீட்டு நாள்காட்டி ஆடும்.
பதினொரு வருடத்தில் மிஸ்டர் குவெக்கிடம்
மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.
அதுவும் மழை பெய்தபோது.

கடிதம் அவருக்குப் போயிற்று.
கெடு முடிவதற்கு முந்தின நாள்
லாரியில் இரண்டு பேர் வந்தார்கள்.
ஒருவர் அறந்தாங்கிப் பக்கம்,
பெயர் வீரபத்திரன்,
தண்ணீர் கொடுத்தபோது சொன்னார்.
"கீழாநெல்லி நெறயக் கெடக்குக்கா,
வேணும்னா பறிச்சுக்குங்க."
என் புகாரில் அதற்குக் களை என்று பெயர்.
வேண்டாம் என்றேன்.

இயந்திரம் அலறியது.
லாலாங் பூ பறந்து வந்து
என் துணிக்கொடியில் ஒட்டியது.
சில்லைகள் ஐந்தோ ஆறோ
கூரை மாறி உட்கார்ந்தன.
புல் படுத்ததும் தெரிந்தது
கவிழ்ந்து கிடந்த ஒரு வாளி,
பாசி பிடித்த இறகுப்பந்துகள் பதினான்கு.
எல்லாம் என் மகன் அடித்தவை.
இல்லை,
நாலைந்து நான் அடித்தவை.

சோதிக்க வந்த நூர்ஹயாத்தி
வாளியை நிமிர்த்தி டார்ச் அடித்தாள்.
உலர்ந்திருந்தது.
வந்தது வந்தாயிற்று என்று
என் வீட்டுக்குள்ளும் நுழைந்தாள்.
கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டில்
விரற்கடை தண்ணீர்.
குழலில் உறிஞ்சி
வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.
காற்புள்ளிகள் போல நெளிந்தன
என் வீட்டில் பிறந்தவை.

அபராதத் தாளில் என் பெயர்
முதல்முறையாக
எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

அன்று மாலை கேட்டருகே ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே பதினான்கு பந்துகள்,
துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகி.
சீட்டு எதுவும் இல்லை.
மகன் முகாமிலிருந்து சனிக்கிழமைதான் வருவான்.
டின்னை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

டிசம்பர். விடாத மழை.
பதினேழில் புல் கணுக்காலுக்கு வந்துவிட்டது.
என் பக்கமும்தான்.
தட்டைக் கவிழ்த்துவிட்டு நிமிர்கிறேன்,
சுவருக்கு அப்பால் ஆணி அடிக்கும் சத்தம்.
நாள்காட்டி ஆடுகிறது.
என்ன மாட்டுகிறார் என்று கேட்க வேண்டும்.
மழை விடட்டும்.