நட்சத்திரக் குறி

ஔலு நகரப் பல்கலைக்கழகத்தில்
நூலகம் மூட இருபது நிமிடம்.
தூலிக்கி வாரலா
சுயவிவரத்தின் ஒரே ஒரு வரியை
முக்கால் மணி நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தலைப்பு, வெளியீடுகள்.
இருப்பது ஒன்று.
அந்தப் பன்மை விகுதியிலேயே கொஞ்சம் பொய்.

நிஸ்கலா, ஒ., வாரலா, தூ., மற்றும் ஐவர்.
ஐவரில் ஒருவர்
சதுப்பு நிலத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.
நிதி அவர் கொண்டுவந்தது;
அதுவும் வேலைதான், என்ன செய்ய.
முதல் இரண்டு பெயர்களின் தலையில் மட்டும்
ஆளுக்கொரு நட்சத்திரம்.
அடியில் பொடி எழுத்தில்: இருவருக்கும் சம பங்கு.

சூரியன் படுத்த சுருக்கில் எழுந்துவிடும் ஜூன் மாதம்.
இரண்டு மணிக்கொரு தரம்
சேற்றின் மேல் பெட்டியைக் கவிழ்த்து
அது விடும் மூச்சை அளந்தார்கள்.
அவன் நேரம் சொல்வான், இவள் எண் எழுதுவாள்.
அப்புறம் இவள் நேரம், அவன் எண்.
கொசு இருவரையும் பாரபட்சமில்லாமல் தின்றது.
மூன்றாம் இரவுக்குப் பிறகு
நோட்டில் எது யார் கையெழுத்து என்று
அவர்களுக்கே தெரியாது.

யார் பெயர் முதலில்?
காப்பி இயந்திரத்தின் முன் நின்று
ஒஸ்காரி ஒரு யூரோவைச் சுண்டினான்.
அந்த ஊர்க் காசில்
பூவும் இல்லை, தலையும் இல்லை.
ஒரு பக்கம் வரைபடம்.
மறு பக்கம் ஏரிக்கு மேலே இரண்டு அன்னங்கள்.
பாலையும் நீரையும் பிரிக்கிற சாதியாம்;
இந்த வேலையைப் பிரிக்க
அவற்றாலும் ஆகாது, பறந்துகொண்டிருந்தன.
அவள் அன்னம் கேட்டாள்.
வரைபடம் விழுந்தது.
அதே காசைப் போட்டு
அவளுக்கொரு காப்பி எடுத்துக் கொடுத்தான்.

இப்போது இந்த விண்ணப்பப் படிவம்
நட்சத்திரத்தை ஏற்க மாட்டேன் என்கிறது.
ஒட்டினால் கேள்விக்குறியாக மாற்றுகிறது.

வாரலா, தூ.?

வெட்டினாள். முன்னால் ஒட்டினாள்.
வாரலா, நிஸ்கலா.
நன்றாகத்தான் இருந்தது.
யாருடைய கோட்டையோ போட்டுப் பார்த்ததுபோல,
தோளில் கச்சிதம்,
பையில் யார் வீட்டுச் சாவியோ.

ஒஸ்காரிக்குச் செய்தி அனுப்பினாள்.
கெமியில் வெப்பக் கருவி விற்கிறான் இப்போது.
ஒரே நிமிடத்தில் பதில்:
"தாராளமா மாத்திக்கோ. எனக்கு இனி எதுக்கு அது?"
நான்கு நிமிடம் கழித்து இன்னொன்று:
"எங்க அம்மா அதோட முதல் பக்கத்தைச்
சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க.
அங்க மட்டும் நான்தான் முதல், சரியா?"

சிரித்தாள். கொஞ்சம் கோபமும் வந்தது;
யார் மேல் என்று பார்க்க நேரமில்லை.
விளக்குகள் வரிசை வரிசையாக அணைகின்றன.

பெயரை இருந்த இடத்திலேயே வைத்தாள்.
கீழே ஒரு கட்டம்: உங்கள் பங்களிப்பு,
இருநூறு எழுத்துக்குள்.
முதலிரு ஆசிரியர்க்கும் சம பங்கு.
அளவீட்டில் பாதி.
இரண்டாம் வரைபடம் முழுக்க.
மூன்றாம் பகுதியை நான்கு முறை திருத்தி எழுதினேன்.

நிறுத்தமே இல்லாத இடத்தில்
தினமும் பேருந்தை நிறுத்திப்
பெட்டிகளை இறக்கிக் கொடுத்த ரெய்யோவை
எழுத நினைத்தாள்.
அவர் எந்த வரிசையிலும் இல்லை, நன்றியுரையிலும்கூட.
இடம் போதவில்லை.
மிச்சம் மூன்றே எழுத்து.

கடைசியாக ஒருமுறை
அந்த இடத்தில் நட்சத்திரம் வைத்துப் பார்த்தாள்.
கேள்விக்குறிதான் வந்தது.

அழிக்கவில்லை.
அனுப்பு என்பதை அழுத்திவிட்டுத்
தொப்பியைத் தேடினாள்.